உலர்ந்தும் குன்றாத ஊட்டம்

நுழையும்முன்

மழைக்காலத்தில் மண்டி வளரும் பசும்புல் கோடையில் கிடைப்பதில்லை. மாட்டின் பசியோ பருவம் பார்ப்பதில்லை. எனவே, மிகுந்த காலத்துத் தீவனத்தை உலர்த்திக் காப்பது கால்நடை வளர்ப்பின் இன்றியமையாப் பணியாகும். உலர்த்தும்போது நீர் மட்டுமே நீங்க வேண்டும், ஊட்டம் நீங்கலாகாது.

வைக்கோலும் உலர்புல்லும்

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்த வேப்பம்பட்டு உள்ளிட்ட திருவள்ளூர் மாவட்டப் பகுதிகள் நெல் விளையும் நிலத்தைச் சார்ந்தவை. அங்கெல்லாம் வைக்கோலே மாட்டின் முதன்மையான உலர்தீவனம். அது வயிற்றை நிரப்பும். ஆனால், அதில் புரதம் ஏறத்தாழ 4 விழுக்காடே உண்டு. கதிர் முற்றுகையில் பயிரின் சத்து நெல்மணிக்குச் சென்றுவிடுவதே இதற்குக் காரணம். குதிரைமசாலைப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து உலர்த்தினால் புரதம் 15 விழுக்காட்டுக்கும் மேல் நிற்கும். இவ்வாறு பக்குவத்தில் அறுத்து உலர்த்தியதே உலர்புல்.

வெயிலின் இரு முகங்கள்

80 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ பசும்புல்லில் உலர்பொருள் 20 கிலோவே. ஈரத்தை 15 விழுக்காடாகக் குறைக்க ஏறத்தாழ 76 கிலோ நீர் வெளியேற வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை படரும். போர் உள்ளுக்குள் சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு.

அதற்காக நெடுநேரம் வெயிலில் இட்டால் உயிர்ச்சத்து ‘ஏ’ தரும் கரோட்டின் அழியும். சத்து மிகுந்த இலைகள் நொறுங்கி உதிரும். அதே வெயில்தான் புல்லில் உயிர்ச்சத்து ‘டி’யை உண்டாக்குகிறது. ஆகவே, பனி நீங்கியபின் அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, புரட்டிவிட்டு, வாடியதும் நிழலிலோ காற்றோட்டமான பரணிலோ உலர்த்துவதே ஏற்றது. பசுமை மாறாத நிறமும் இலை உதிராத தண்டும் நல்ல உலர்புல்லின் அடையாளங்கள்.

பூஞ்சையும் பாலும்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை உண்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நச்சே காரணம் என ஆய்வில் தெரிந்தது. அதுவே ‘அஃப்ளடாக்சின்’. நம் நாட்டிலும் கறவை மாடுகளுக்குக் கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் அளிக்கப்படுகின்றன. ஈரம் நீங்காத அத்தீவனத்தை உண்ட பசு, நச்சின் ஒரு பகுதியைப் பாலில் வெளியேற்றுகிறது. காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. களத்தில் நேரும் கவனக்குறைவு இவ்வாறு குழந்தையின் பால் குவளை வரை வந்து சேர்கிறது.

கற்பவை கற்றபின்

1. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மக்காச்சோள மணிகளுடன் சிறிது உலர்ந்த உப்பை இட்டு, மூடிச் சில நிமிடம் குலுக்குக. உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது எனலாம். கண்டறிந்ததை வகுப்பில் பகிர்க.

2. உங்கள் பகுதியில் வைக்கோற்போர் அமைக்கும் முறையைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதனோடு தொடர்புடைய சொற்களைத் தொகுக்க.