தூர நின்று அருகே காண்போம்

ஒரு கைலென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே நின்று, லென்ஸைச் சுவருக்கு முன்னால் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில், சன்னலுக்கு வெளியே உள்ள மரத்தின் பிம்பம் தலைகீழாகவும் தெளிவாகவும் சுவரில் விழும். அப்போது லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரமே, ஏறக்குறைய, அந்த லென்ஸின் குவியத்தூரம். குவியத்தூரம் அதிகமான வேறொரு லென்ஸைக் கொண்டு இதையே செய்யுங்கள். மரம் முன்னைவிடப் பெரிதாக விழும்.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் விலங்குகளைப் படம் பிடிக்கப் போகிறவர் எந்த லென்ஸை எடுத்துச் செல்ல வேண்டும்? அந்தக் கேள்விக்கான விடை இந்த எளிய சோதனையில் இருக்கிறது.

துப்பாக்கி போய்க் காமிரா வந்தது

'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். முற்காலத்தில் அது வேட்டைப் பயணமாக இருந்தது. கென்யாவில் 1977ஆம் ஆண்டு வேட்டை தடை செய்யப்பட்டது. இன்று கென்யாவின் மசாய் மாராவுக்கும், அதை ஒட்டித் தான்சானியாவில் உள்ள செரங்கெட்டிக்கும் மக்கள் காமிராவுடன் செல்கிறார்கள். அங்கே விலங்குகளுக்கு அருகில் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. ஆகவே விலங்குக்கும் நமக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை ஈடுகட்டுவது லென்ஸின் வேலை.

ஒரு சிறு கணக்கு

தொலைவில் உள்ள பொருளுக்கு ஒரு சூத்திரம் உண்டு:

பிம்பத்தின் உயரம் = குவியத்தூரம் × பொருளின் உயரம் ÷ பொருளின் தூரம்.

சிவிங்கிப்புலி ஒன்று 50 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. தோள்வரை அதன் உயரம் 75 செ.மீ. எனக் கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 0.75 மி.மீ. உயரமே இருக்கும். முழு அளவுக் காமிராவின் படச்சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. அதில் இந்தப் பிம்பம் வெறும் புள்ளி. 400 மி.மீ. லென்ஸில் அதே பிம்பம் 6 மி.மீ. ஆகிறது, சட்டத்தின் உயரத்தில் கால் பங்கு.

50 மி.மீ. லென்ஸை மட்டும் வைத்திருப்பவர் இதே 6 மி.மீ. பிம்பத்தைப் பெற எவ்வளவு நெருங்க வேண்டும்? 50ஐ 8ஆல் வகுத்தால் 6.25 மீட்டர் என்று வரும்! அவ்வளவு அருகில் ஒரு வாகனம் வந்து நின்றால் அந்த விலங்கு என்ன செய்யும்?

நெருங்கினால் என்ன கேடு?

சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுவது. மசாய் மாராவின் சிவிங்கிப்புலித் தாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுற்றுலா குறைந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தனித்து வாழும் பருவத்தை அடைந்தன. சுற்றுலா மிகுந்த பகுதிகளில் இந்த எண் 0.2 மட்டுமே, அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. வாகனங்கள் சூழ்வதால் வேட்டை குலைவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எனவே நீண்ட லென்ஸ் வெறும் ஆடம்பரப் பொருள் அன்று. விலங்கை அதன் போக்கில் விட்டுவிட்டுத் தூர நின்று காண அது உதவுகிறது.

மூன்று தடைகள்

அப்படியானால் எல்லோரும் மிக நீண்ட லென்ஸையே எடுத்துச் செல்லலாமே? அதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது எடை. குவியத்தூரத்தை லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 400 மி.மீ. லென்ஸுக்கு எஃப் எண் 5.6 என்றால் விட்டம் 71 மி.மீ.; 2.8 என்றால் 143 மி.மீ. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும்; நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும். ஆனால் அத்தகைய லென்ஸின் எடை சுமார் 3 கிலோ. இன்றைய காமிராக்களின் ஒளியுணர் திறன் மிகுதியாதலால், எஃப் எண் 5.6 உடைய இலகுவான லென்ஸே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது நடுக்கம். லென்ஸ் பிம்பத்தோடு கைநடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. 400 மி.மீ. லென்ஸில் 1/400 வினாடிக்குக் குறைவான நேரமே மூடி திறந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இன்றைய லென்ஸ்களில் உண்டு. எனினும் விலங்கு ஓடினால் அதனால் பயனில்லை. இன்னும் குறைந்த நேரம் தேவைப்படும்.

மூன்றாவது காற்று. வெயில் நேரத்தில் தார்ச்சாலையின் மேல் காட்சி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் விலக்குவதே காரணம். நண்பகல் புல்வெளியிலும் இதுவே நிகழ்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் இதைத் திருத்த முடியாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மாராவில் ஆண்டு முழுவதும் காலை ஆறரை மணியளவில் சூரியன் உதித்து, மாலை ஆறரை மணியளவில் மறைகிறது. உதயத்தை அடுத்தும் மறைவுக்கு முன்னும் உள்ள ஓரிரு மணி நேரமே படத்துக்கு உகந்தது.

பையில் என்ன வைக்கலாம்?

நைரோபியிலிருந்து மாராவுக்குச் செல்லும் சிறு விமானங்களில் ஒருவருக்கு வழக்கமாக 15 கிலோ சுமைதான் அனுமதி. அதுவும் மென்மையான பையில் இருக்க வேண்டும். ஆகவே தேர்ந்து எடுக்க வேண்டும்.

100 முதல் 400 மி.மீ. வரை மாற்றக்கூடிய ஜூம் லென்ஸ் ஒன்று போதும். 3 மீட்டர் உயர யானை 30 மீட்டரில் வந்து நின்றால், 400 மி.மீ. நிலையில் அதன் பிம்பம் 40 மி.மீ. ஆகிச் சட்டத்துக்குள் அடங்காது. ஜூமை 200க்குக் குறைத்தால் 20 மி.மீ. ஆகி அடங்கிவிடும். விரிந்த வானத்துக்கும் புல்வெளிக்கும் 24 முதல் 70 மி.மீ. வரையுள்ள சிறிய லென்ஸ் ஒன்று வேண்டும். இரண்டு காமிராக்கள் இருந்தால் புழுதியில் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு வெறும் துணிப்பையையும் எடுத்துச் செல்லலாம். அங்கே போய் அதில் அரிசியோ பயறோ நிரப்பி, வாகனத்தின் சன்னல் மேல் வைத்து, அதன்மீது லென்ஸைப் பதித்தால் நடுக்கம் அடங்கும். இஞ்சினையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். உதிரி மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கைப்பைகள் கென்யாவில் 2017ஆம் ஆண்டிலும், தான்சானியாவில் 2019ஆம் ஆண்டிலும் தடை செய்யப்பட்டன. ஆகவே புழுதி படாமல் காமிராவை மூடவும் துணிதான்.

நீங்களே செய்து பாருங்கள்

5 மீட்டர் உயர ஒட்டகச்சிவிங்கி 50 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. அதன் பிம்பம் 20 மி.மீ. உயரம் இருக்க எவ்வளவு குவியத்தூரம் வேண்டும்? விடை 200 மி.மீ. என்று வந்தால் நீங்கள் லென்ஸைத் தேர்ந்தெடுக்கக் கற்றுவிட்டீர்கள். நம்மூர் ஏரிக்கரையில் கூடு கட்டியிருக்கும் கொக்குக்கும் இதே சூத்திரந்தான். அதன் அருகேயும் போகாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்!