குழாய்க்குள்ளே ஒரு கவசம்: நானோ பூச்சும் ஒரு எக்செல் கணக்கும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், போட்டோக்களைச் சேமித்து வைக்கிறோம். அதோடு நிறுத்திவிடாமல், வீட்டுக்காகப் பணம் செலவழிக்கும் முன் கணக்குப் போட்டுப் பார்க்கவும் அதைப் பயன்படுத்தலாம். இந்தப் பாடத்தில் அப்படி ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்க் குழாயின் உட்புறத்தில் பூசப்படும் நானோ பூச்சு என்றால் என்ன, அதற்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. படித்து முடித்ததும் நீங்களே முடிவு சொல்வீர்கள்.

செஞ்சியில் ஒரு பழைய குழாய்

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. இங்குள்ள கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. மராட்டியர் தொடர்புள்ள 12 கோட்டைகள் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அதில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது செஞ்சி மட்டுமே. ராஜகிரி அடிவாரத்தில் உள்ள கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாளிகைக்குச் சக்கரகுளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சுடுமண் துருப்பிடிக்காது. ஆனால் உடையும், அதிக அழுத்தத்தைத் தாங்காது. இரும்பு அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். இரும்பின் பலமும் வேண்டும், மண்ணின் குணமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? இரும்பின் உட்புறத்தில் வேறு ஒரு பொருளைப் பூச வேண்டும். குழாய்ப் பூச்சு என்ற விஷயமே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நானோ என்பது எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் அளவில் உள்ள பொருளை நானோ பொருள் என்கிறார்கள்.

இந்தப் பூச்சு உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதற்குள் சுழலும் தட்டின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் கார்பன் பூச்சு உண்டு. அதற்குக் கீழேதான் உங்கள் போட்டோக்கள் பதிவாகும் காந்தப் படலம் இருக்கிறது. அந்தப் படலம் அரிக்கப்படாமலும் தேயாமலும் காப்பது இந்த மெல்லிய பூச்சுதான்.

சமையலறைக்குப் போனால் எவர்சில்வர் டம்ளர். அதில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் தானே ஒரு படலத்தை உருவாக்கிக்கொள்கிறது. தேய்த்துக் கழுவும்போது கீறல் விழுந்தாலும் படலம் மறுபடி உண்டாகிவிடும். டம்ளர் துருப்பிடிக்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. துரு ஒரே சீராகப் படிவதில்லை. அங்கங்கே மேடு மேடாக வளர்ந்து குழாயின் வழியைக் குறுக்கிவிடும். ஜி.ஐ. குழாயில் இதைத் தடுக்கத் துத்தநாகம் பூசுகிறார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்தபின் இரும்பின் முறை வரும்.

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய வார்ப்பிரும்புக் குழாய்களில் உட்புறம் சிமெண்ட் கலவை பூசுவது வழக்கம். சிமெண்ட் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு காப்புப் படலம் உண்டாகிறது. எபாக்ஸி என்னும் பிசின் பூசுவது இன்னொரு முறை.

உலோகம் அரிக்கப்படுவதை ஆராய்வதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பெரிய மையம் உண்டு. காரைக்குடியில் உள்ள மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். இடமும் பணமும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1953-ல் நிலையம் திறக்கப்பட்டது.

நானோ துகள் என்ன செய்கிறது?

எபாக்ஸி பூச்சைத் தண்ணீர் துளிகூடத் தாண்டாது என்று நினைக்க வேண்டாம். மிக மெதுவாக அதன் ஊடே தண்ணீரும் ஆக்சிஜனும் ஊடுருவும். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள களிமண் தகடுகளையோ கிராபீன் தகடுகளையோ பூச்சில் கலந்தால், தண்ணீர் நேர்வழியில் போக முடியாது. ஒவ்வொரு தகட்டையும் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். வழி நீளமாகிறது, நேரமும் கூடுகிறது.

ராஜகிரி ஏறியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரே வாசலில் உச்சிக்குப் போய்விட முடியாது. வாசல் மேல் வாசலாகத் தாண்டி, கடைசியில் பள்ளத்தின் மேல் உள்ள பாலத்தையும் கடக்க வேண்டும். 1690-ல் தொடங்கிய மொகலாய முற்றுகை முடிய 1698 ஆகிவிட்டது. ஆனாலும் கோட்டை விழுந்தது. பூச்சும் அப்படித்தான். அது அரிப்பைத் தாமதப்படுத்துகிறது, ஒரேயடியாக நிறுத்திவிடுவதில்லை.

ஓட்டை விழுந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். கிராபீனைத் தனியே பிரித்து ஆராய்ந்ததற்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது செம்புக்கு நல்ல கவசமாகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நீண்ட நாள் காற்றில் வைத்தபோது கிராபீன் போர்த்திய செம்பு வெறும் செம்பைவிட மோசமாக அரிக்கப்பட்டதைக் காட்டியது. கிராபீன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதில் சிறு குறை இருந்தாலும் அந்த இடத்தில் அரிப்பு தீவிரமாகிவிடுகிறது.

எக்செல்லில் கணக்குப் போடுவோம்

குழாயின் உட்புறம் கெட்டால் நமக்கு எவ்வளவு நஷ்டம்? இதற்கு ஹேசன் - வில்லியம்ஸ் சூத்திரம் என்று ஒன்று உண்டு. குழாயின் வழுவழுப்பை ஓர் எண்ணால் குறிப்பார்கள். புதிய பிளாஸ்டிக் குழாய்க்கு ஏறத்தாழ 140, துருவேறிய பழைய இரும்புக் குழாய்க்கு 100 அல்லது அதற்கும் கீழே. ஒரே உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து வரும் தண்ணீரின் அளவு, இந்த எண்ணையும் குழாயின் உள்விட்டத்தையும் பொறுத்தது.

எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். எக்செல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போதும்.

1. பி1 கட்டத்தில் 140 என்று டைப் செய்யுங்கள். இது நல்ல குழாயின் வழுவழுப்பு எண்.

2. பி2-ல் 100. இது கெட்டுப்போன குழாயின் எண்.

3. பி3-ல் 25. நல்ல குழாயின் உள்விட்டம், மில்லிமீட்டரில்.

4. பி4-ல் 20. படிவு சேர்ந்தபின் மிஞ்சிய உள்விட்டம்.

5. பி5-ஐக் கிளிக் செய்து கீழ்க்கண்டதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=(100/140)*(20/25)^2.63

விடை 0.397 என்று வரும். மேலே உள்ள பட்டையில் % குறியைக் கிளிக் செய்தால் 40% என்று காட்டும். அதாவது, முன்பு 2 நிமிடத்தில் நிறைந்த வாளி இப்போது நிறைய 5 நிமிடம் ஆகும்.

இப்போது ஒரு சின்ன தந்திரம். சூத்திரத்தில் 100, 140, 20, 25 ஆகிய எண்களை டைப் செய்வதற்குப் பதிலாக, அந்தந்த எண் இருக்கும் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்யுங்கள். எக்செல் தானே கட்டத்தின் பெயரை எழுதிக்கொள்ளும். இனி எந்த எண்ணை மாற்றினாலும் விடையும் உடனே மாறும்.

பி4-ல் 25 என்று மாற்றிப் பாருங்கள். 71% வரும். இது சொரசொரப்பினால் மட்டும் ஏற்படும் இழப்பு. பிறகு பி4-ல் 20, பி2-ல் 140 என்று வையுங்கள். 56% வரும். இது வழி குறுகியதால் மட்டும் வரும் இழப்பு. வழி குறுகுவதுதான் பெரிய எதிரி என்று தெரிகிறது அல்லவா?

இன்னொன்று. பூச்சுக்கும் தடிமன் உண்டு. அரை மில்லிமீட்டர் பூசினால் 25 மில்லிமீட்டர் 24 ஆகிவிடும். பி2-ல் 140-ஐ அப்படியே வைத்து, பி4-ல் 24 போட்டால் 90%. வழுவழுப்பாக இருக்கும் புதிய குழாய்க்குள் தடிமனாகப் பூசினால் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை நாமே குறைத்துக்கொள்கிறோம். இவை தோராயமான கணக்குகள்தான். ஆனால் முடிவெடுக்க இவை போதும்.

படலம் கரைந்தால்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற நகரம். 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை ஓர் ஆற்றுக்கு மாற்றினார்கள். பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் பல ஆண்டுகளாக ஒரு காப்புப் படிவு இருந்தது. புதிய ஆற்றுத் தண்ணீரில் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைக் கலக்கவில்லை. படிவு கரைந்து ஈயம் தண்ணீரில் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியது. 2015 அக்டோபரில் பழைய நீருக்கே திரும்பினார்கள்.

பூச்சு நல்லதா கெட்டதா என்பதை அதன் பெயர் முடிவு செய்வதில்லை. அதன் மேல் ஓடும் தண்ணீரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டு மாடிக்குக் குழாய் வாங்கப் போனேன். கடைக்காரர், "தம்பி, இது நானோ கோட்டிங். ஐம்பது வருஷத்துக்கு அசையாது" என்றார். "நானோன்னா உள்ளே என்ன பொருள் அண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எனவே நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: என் பிரச்சினை துருவா, உப்பா? பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்கள் துருப்பிடிக்காது. அவற்றுக்குத் துருத்தடுப்புப் பூச்சு தேவையில்லை. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அது கடினத்தன்மை. குழாய்ப் பூச்சு எதுவானாலும் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்காது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. முதலில் தண்ணீரைப் பரிசோதனை செய்யுங்கள்.

இரண்டாவது: பூச்சில் இருக்கும் பொருள் என்ன? கிருமியைக் கொல்லும் நானோ வெள்ளி என்றால், வெள்ளி சிறிது சிறிதாகத் தண்ணீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். கரைந்தால் ஒருநாள் தீரும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் நானோ துகள்களைக் கொண்டு பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டியை உருவாக்கினார்கள். அது 2007-ல் விற்பனைக்கு வந்தது. வடிகட்டி தீர்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். சுவருக்குள் புதைத்த குழாயை அப்படி மாற்ற முடியுமா?

மூன்றாவது: வெட்டிய முனையில் பூச்சு உண்டா? பிளம்பர் குழாயை அறுத்து மரை போடும்போது அந்த இடத்தில் பூச்சு போய்விடும். அரிப்பு தொடங்குவது அங்கேதான். இணைப்புகளுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள்.

நான்காவது: சான்று எங்கே? குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். மேலே ஐ.எஸ். எண்ணும், அருகில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் உரிமம் உண்மையா என்று தெரியும். ஆனால் இந்த முத்திரை குழாய்க்குத்தான். 'நானோ' என்ற வார்த்தைக்கு அல்ல. பூச்சு குடிநீருக்கு ஏற்றது என்பதற்குத் தனியே பரிசோதனை அறிக்கை கேளுங்கள்.

நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கிடைக்காவிட்டால், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாதாரண சி.பி.வி.சி. குழாயை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். எவ்வளவு தண்ணீர் கூடுதலாக வரும் என்று அறிய, பி1, பி2 இரண்டிலும் 140, பி3-ல் சிறிய விட்டம், பி4-ல் பெரிய விட்டம் போட்டுப் பாருங்கள். போட்ட கணக்கை மறக்காமல் சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை பிளம்பர் வரும்போது உதவும்.