இணைய வேகம் குறைவது ஏன்? வீட்டு ரவுட்டரைச் சோதித்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

மாணவர்களே, 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையக மாணவர் பலர் சைகை தேடி மேட்டு நிலங்களுக்குச் சென்று இணையவழிப் பாடங்களைப் பெற்றனர். வீட்டில் ரவுட்டர் இருந்தும் பாடம் இடைநடுவே நின்றுபோவதும் உண்டு. குறைபாடு எங்கே உள்ளது என அறிந்தால், பெரும்பாலும் பணச் செலவின்றியே அதனைச் சீர்செய்யலாம்.

1. இரண்டு இணைப்புகள்

சிம் அட்டை இடப்பட்ட 4ஜீ ரவுட்டரில் இரண்டு வானலை இணைப்புகள் உள்ளன.

(அ) கையடக்கத் தொலைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வைஃபை இணைப்பு
(ஆ) ரவுட்டருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கும் இடையிலான இணைப்பு

தொலைபேசியின் வைஃபை அடையாளம் (அ) இணைப்பின் வலிமையை மட்டுமே காட்டும். எனவே அது முழுமையாகத் தெரியும்போதும் (ஆ) இணைப்பு நலிந்திருந்தால் வேகம் குறையும். (ஆ) இணைப்பின் நிலையை ரவுட்டரிலுள்ள சைகை விளக்குகள் காட்டும்.

2. வேகம் குறையக் காரணங்கள்

(அ) இணைப்பில்: தடித்த கற்சுவர், தூரம், நுண்ணலை அடுப்பு, ஒரே வேளையில் பலர் பயன்படுத்தல். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தூரம் செல்லும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகம் கூடியது, ஆனால் சுவர்களால் எளிதில் நலிவடையும்.

(ஆ) இணைப்பில்: மலைச்சரிவு, தகரக்கூரை, மாலை வேளை நெரிசல், தரவுப் பொதி முடிவடைதல். நானுஓயாவில் பலரும் மூடுபனியைக் குறைகூறுவர். ஆயினும் 4ஜீ அலைகளை மூடுபனி பெரிதாகப் பாதிப்பதில்லை; இடையில் நிற்கும் மலையே அவற்றைத் தடுக்கும்.

3. மாதிரி வினா

நானுஓயாவில் தகரக்கூரை வேய்ந்த லயன் வீடொன்றில் ரவுட்டர் அலுமாரியின் மேல், கூரைக்கு அண்மையில் உள்ளது. வேகம் ரவுட்டரின் அருகிலும் பின்னறையிலும் செக்கனுக்கு 2 மெகாபிற்று ஆகும். கோபுரம் உள்ள திசையை நோக்கிய யன்னலருகே ரவுட்டரை வைத்ததும் அது 12 மெகாபிற்று ஆகியது.

(i) குறைபாடு எந்த இணைப்பில் இருந்தது? காரணம் தருக.
(ii) 90 மெகாபைற்றுப் பாடக் காணொளியைப் பதிவிறக்க முன்னரும் பின்னரும் எடுக்கும் நேரம் யாது?

விடை:
(i) (ஆ) இணைப்பில். அருகிலும் தூரத்திலும் வேகம் சமனாக இருந்ததால் வைஃபை காரணமன்று. ரவுட்டரின் இடத்தை மாற்றியதும் வேகம் கூடியமை இதனை உறுதிப்படுத்துகிறது.
(ii) 1 பைற்று = 8 பிற்றுகள். 90 × 8 = 720 மெகாபிற்று.
முன்னர்: 720 ÷ 2 = 360 செக்கன் (6 நிமிடம்)
பின்னர்: 720 ÷ 12 = 60 செக்கன் (1 நிமிடம்)

கவனிக்க: வேகம் பிற்றிலும் கோப்பின் அளவு பைற்றிலும் தரப்படும். 8ஆல் பெருக்க மறப்பதால் புள்ளிகளை இழக்க நேரிடும்.

4. சோதிக்கும் ஒழுங்கு

1. தரவுப் பொதியின் மீதியைப் பார்க்க.
2. ரவுட்டரை நிறுத்தி, சிறிது நேரத்தின் பின் மீள இயக்குக.
3. ரவுட்டரின் அருகிலும் தூரத்திலும் வேகத்தை அளக்க.
4. அருகில் மட்டும் வேகம் கூடினால், ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துக. இரண்டிடத்திலும் குறைவெனின், வெவ்வேறு யன்னல்களருகே வைத்துப் பார்க்க.
5. அதிகாலையிலும் இரவிலும் அளந்து ஒப்பிடுக. இரவில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் நெரிசலே காரணம். பெரிய கோப்புகளை அதிகாலையில் பதிவிறக்குக.
6. கடவுச்சொல்லை மாற்றி, அறியாதோர் பயன்படுத்துவதைத் தடுக்க.

பயிற்சி: ரவுட்டரின் அருகே வேகம் செக்கனுக்கு 16 மெகாபிற்று, சமையலறையில் 2 மெகாபிற்று. குறைபாடு எந்த இணைப்பில் உள்ளது? அதனைச் சீர்செய்ய இரண்டு வழிகள் தருக.