மிராசும் வாரிசும் – ஒரு சொல்லாய்வு

ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருளோடு நின்றுவிடாமல், அச்சொல் யாரைத் தன்னுள் சேர்த்தது, யாரை விலக்கியது என்றும் வினவினால், சமுதாய வரலாறு புலப்படும். பொருநைக் கரையில் நெடுங்காலம் மதிப்போடு வழங்கிய 'மிராசுதார்' என்னும் சொல்லை இம்முறையில் ஆராய்வோம்.

சொற்பிறப்பு

'மிராசு' என்பது மரபுரிமைச் சொத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். 'தார்' என்பது 'உடையவர்' எனப் பொருள்படும் பாரசீக விகுதி. 'வாரிசு' என்னும் சொல்லும் அதே அரபு வேரில் கிளைத்ததே. முன்னது வழிவழி வரும் உடைமையைக் குறிக்கும். பின்னது அதைப் பெறுபவரைக் குறிக்கும். இவை தமிழுக்கு வருமுன் இப்பொருளில் வழங்கியவை 'காணி', 'காணியாட்சி' என்பன. ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை பற்றித் தனி நூலே எழுதினார் என்பதால், இச்சொல்லின் செல்வாக்கை உணரலாம்.

வழக்கு

கன்னடியன், மருதூர் போன்ற அணைக்கட்டுகளால் காரும் பிசானமும் என இரு போகம் விளைந்த வயல்கள் நம் தாமிரபரணிப் பாசனத்தில் உள்ளவை. இங்கே மிராசு என்பது வெறும் நிலமன்று. பிறப்பால் வந்த பங்கு, மரியாதை, ஊரில் சொல்வாக்கு ஆகிய யாவும் அதில் அடங்கும். கணக்குப்பிள்ளை வேலைகூடத் தந்தைக்குப்பின் மகனுக்கு என வந்தமையால் அதையும் 'மிராசு' என்றனர். ஆனால் அவ்வயலில் உழுதவரும் நாற்று நட்டவரும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தும் இச்சொல்லுள் இடம்பெறவில்லை. அவர்களுக்கு வழிவழி வந்தது உழைப்பு மட்டுமே.

பொருள் மாற்றம்

இச்சொல்லின் வலிமையைச் சட்டங்கள் படிப்படியாகக் குறைத்தன. 1955இல் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் எனவும், 1970இல் 15 தர ஏக்கர் எனவும் நில உச்சவரம்பு வரையறுக்கப்பட்டது. 1980இல் தமிழகத்தில் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிந்தன. இன்று, 'பெரிய மிராசுதார் மாதிரி பேசுகிறானே!' என்னும் ஏளனத்திலேயே அச்சொல்லை மிகுதியாகக் கேட்கிறோம்.

வாரிசோ விரிவடைந்தது. தமிழகம் 1989இலும் நடுவண் அரசு 2005இலும் செய்த திருத்தங்களால், இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளும் மகனோடு சமபங்கு பெறும் வாரிசானாள். குடிசையில் வாழ்வோரும் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெறுகின்றனர்.

ஆயினும் பின்வரும் இரு தொடர்களை ஒப்பிடுக:

(அ) அவள் தன் தந்தையின் வாரிசு.
(ஆ) அவர் அந்தப் பதவிக்கு வாரிசு.

முன்னதில் உள்ளது உறவும் உரிமையும். பின்னதில், பொதுவில் தகுதியால் பெறவேண்டியது பிறப்பால் வரும் சொத்தாகிவிடுகிறது. அதாவது, வாரிசு என்னும் சொல்லுக்குள் பழைய மிராசு மீண்டும் குடியேறுகிறது. பரம்பரைக் கிராமப் பதவி பிறப்பின் அடிப்படையில் வேற்றுமை காட்டுவது என 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

ஆகவே, 'வாரிசு' எனக் கேட்குமிடத்து 'எதற்கு வாரிசு?' என வினவுதல் மொழி பயில்வோரின் கடமை. சொத்துக்கு வாரிசு உண்டு. பொதுப் பொறுப்புக்குத் தகுதியாளரே உண்டு.