சேஸிஸ் கணக்குப் போட வந்தவளுக்கு

அன்புள்ள அம்மிணி,

ரேஸ் கார் சேஸிஸுக்கு சிமுலேஷன் வேலை, ஆபீஸ் கோவை கணபதியில் என்று எழுதியிருந்தாய். ஊர் பொருத்தமான ஊர்தான். ஃபார்முலா எல்ஜிபி பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்த எல்ஜிபி நிறுவனத்தின் தலைமை அலுவலகமே கணபதியில்தான் இருக்கிறது. 1980களின் இறுதியில் கரிவரதன் மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஒற்றை இருக்கைக் கார் கட்டினாரே, அதுவும் கோவைச் சங்கதிதான். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

சீக்கிரமே உன்னிடம் ஒருவர் கேட்பார்: "சேஸிஸ் முறுக்குதே, குரோமோலி குழாய்க்கு மாத்திரலாமா?" மாற்றிப் பயனில்லை. மைல்டு ஸ்டீலோ 4130 குரோமோலியோ, யங் மாடுலஸ் 200 ஜிகாபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். குரோமோலி கூடுதல் பளு தாங்கும், ஆனால் அதே பளுவுக்கு அதே அளவு வளையும். விட்டத்தைக் கூட்டிப் பார். சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால் எடை இரண்டு மடங்கு, குழாயின் விறைப்பு சுமார் எட்டு மடங்கு. அதற்கும் முன்னால், மூலைவிட்டக் குழாய் இல்லாத நாற்கட்டம் எங்கே இருக்கிறது என்று தேடு. பெரும்பாலும் டிரைவர் உட்காரும் திறப்பில்தான் மாட்டும். அங்கே குறுக்கே குழாய் ஓட்ட முடியாது. பக்கச் சட்டத்திலும் தரையிலும்தான் ஈடுகட்ட வேண்டும்.

சிமுலேஷனில், கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சிவப்பைத் துரத்தி ராத்திரி கண்விழிக்காதே. வெல்டர் அங்கே என்ன ஆரம் விடுகிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதை மாடலில் போடு.

மாடல் சொல்வதைச் சரிபார்க்கப் பட்டறையில் ஒரு டார்ஷன் ரிக் கட்டச் சொல். கணபதியில் லேத்துக்கும் வெல்டருக்குமா பஞ்சம்! ஷாக் அப்சார்பரைக் கழற்றி அந்த இடத்தில் இரும்புத் தண்டைப் போடு. பின் ஹப்கள் இரண்டையும் இறுகப் பிணை. முன்பக்கத்தை நடுவில் ஒரே முனையில் நிறுத்தி, ஒரு பக்கக் கையில் எடைக்கல்லைத் தொங்கவிடு. டயல் கேஜ் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே குறித்துக்கொள்.

அளந்த விறைப்பு மாடல் சொன்னதைவிடக் குறைவாகவே வரும். உடனே வெல்டரைக் குறை சொல்லிவிடுவார்கள், நீ சேர்ந்துகொள்ளாதே. மாடலில் ஹப்பை நீ ஒரே கிளிக்கில் பூமியோடு பிணைத்துவிட்டாய். பட்டறையில் பிணைத்திருப்பது ஒரு ஆங்கிள் சட்டத்தில், அதுவும் வளையும். அந்தச் சட்டத்துக்கும் ஒரு டயல் கேஜ் வை. அது காட்டுவதைக் கழித்துவிட்டு மறுபடி ஒப்பிடு. அப்போதும் இடித்தால், மாடலையும் அளவுத்தாளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

அன்புடன்,
மாமா