‘வெடித்தது’, ‘விழுந்தது’, ‘இறங்கியது’: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அடைமழைக்குப் பிறகு உங்கள் லயத்தைப் பார்க்க வருபவர் தமிழ் தெரியாதவராக இருக்கலாம். கையில் ஆங்கிலப் படிவம் வைத்திருப்பார். (லுணுகலை பிரதேச செயலகத்துக்கு நீங்கள் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி.) அவரிடம் பேச வேண்டி வந்தால் இந்தப் பாடம் உதவும்.

“சுவர் வெடிச்சிருக்கு” என்கிறோம். இதற்கு ‘பர்ஸ்ட்’ என்றோ ‘எக்ஸ்ப்ளோட்’ என்றோ சொல்லாதீர்கள். கேட்பவர் காஸ் சிலிண்டரை நினைப்பார். சரியான சொல் ‘கிராக்’. எங்கே வெடிப்பு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்:

“தெயார் இஸ் எ கிராக் இன் த வோல்” – சுவரில் வெடிப்பு.
“தெயார் இஸ் எ கிராக் இன் த கிரவுண்ட்” – நிலத்தில் வெடிப்பு.

ஒரு சொல்தான் வேறு. ஆனால் சுவர் வெடிப்புக்குப் பல காரணம் இருக்கலாம். பழைய லயத்தில் அது புதிதும் அல்ல. வீட்டுக்கு மேலே சரிவில் புதிதாக நிலம் வெடித்தால் மலையே நகர்கிறது என்று அஞ்ச வேண்டும்.

அடுத்தது ‘விழுந்தது’. “த வோல் கொலாப்ஸ்ட்” என்றால் சுவர் இடிந்து விழுந்தது என்று மட்டுமே பொருள். கேட்பவர் சுவரின் பலவீனம் என்று எடுத்துக்கொண்டு, திருத்த வேலைக்கு எழுதிவிடலாம். பின்னாலிருந்த மண்மேடு தள்ளித்தான் விழுந்தது என்றால் அதையே சொல்லுங்கள்: “த ஸ்லோப் ஸ்லிட் அண்ட் புஷ்ட் த வோல் டவுன்.” முதலில் அசைந்தது எதுவோ அதை முதலில் வையுங்கள். சுவரைக் கட்டித் தந்தால் போதுமா, குடும்பத்தை வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டுமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

“தரை இறங்கியிருக்கு” என்பதற்கு ‘கம் டவுன்’ பொருந்தாது. “த ஃப்ளோர் ஹேஸ் சங்க்” என்று சொல்லி, எத்தனை அங்குலம் என்றும் சொல்லுங்கள். ‘ஸ்லிப்’ பெரும்பாலும் ஆள் வழுக்கி விழுவதற்கு. ஆனால் பாதையோர மண் சரிவதை நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் ‘எர்த் ஸ்லிப்’ என்று எழுதுவதுண்டு. அதில் குழம்ப வேண்டாம்.

காலத்தையும் கவனியுங்கள். “இட் கிராக்ட்” என்றால் வெடித்தது, அவ்வளவுதான். வெடிப்பு இன்னும் அகன்றுகொண்டே போனால் “த கிராக் இஸ் கெட்டிங் வைடர்” என்று சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

2014 அக்டோபர் 29 காலை, இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்களை மண் மூடியது. ஆகவே நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிய ஊற்று கலங்கலாக வந்தாலோ படிவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கு அழைத்து, தமிழிலேயே சொல்லுங்கள்.