செவிலியருக்கு நிழலாய் ஒரு பணிநேரம்

செவிலியர் பணியில் புதிதாகச் சேருபவர், தொடக்க நாள்களில் தனியாகப் பொறுப்பேற்பதில்லை. அனுபவமிக்க செவிலியர் ஒருவரை ஒரு பணிநேரம் முழுவதும் நிழல்போலத் தொடர்ந்து கவனிக்கிறார். பக்கவாதத்தால் படுக்கையுற்றவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லவிருக்கும் குடும்பத்தினருக்கும் இம்முறையையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். பீளமேட்டிலிருந்து அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைக்குத் திரும்பிய பின், நள்ளிரவில் நோயாளிக்கு இருமல் வந்தால் அழுத்துவதற்கு அங்கே அழைப்பு மணி இராது.

டிஸ்சார்ஜ் நாளன்று, பில் கட்டும் பரபரப்புக்கு நடுவே தரப்படும் பத்து நிமிட விளக்கம் போதுமானதன்று. கேட்பவர் தலையசைப்பார், வீட்டுக்குச் சென்றதும் பாதி மறந்துவிடும்.

மூக்கு வழியே பொருத்தப்பட்ட குழாயில் உணவு கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் செவிலியர் உணவைத் தொடுவதற்கு முன்பே கைகளைக் கழுவி, படுக்கையின் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, மூக்கருகே குழாயில் இடப்பட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். குறி நகர்ந்திருந்தால் உணவு கொடுப்பதில்லை. சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாமல் உணவைத் தானாக இறங்க விடுகிறார். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்கிறார். அதன் பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நோயாளியைப் படுக்க வைப்பதில்லை. குறுகிய விளக்கத்தில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரமே. உணவு நுரையீரலுக்குள் சென்றால் உண்டாகும் நிமோனியா உயிருக்கே ஆபத்தானது. கொடுக்கும்போது இருமலோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். குழாய் கழன்றுவிட்டால் வீட்டில் யாரும் அதை மீண்டும் செருக முயலக் கூடாது, மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத்திணறல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போது, செவிலியரின் கைகளைவிட அவர் கண்களைக் கவனியுங்கள். இடுப்பின் பின்புறம், குதிகால், கணுக்கால் ஆகியவற்றை அவர் பார்வையிட்டபடியே இருப்பார். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

யார் வர வேண்டும் என்பதிலும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. மருத்துவரிடம் பேச வருபவர் பெரும்பாலும் மூத்த மகன். வீட்டில் பராமரிக்கப் போகும் மருமகளோ வார்டுக்கு வெளியே நிற்கிறார். அவரே உள்ளே வரட்டும். இன்னொருவரும் கற்றுக்கொண்டால், முதலாமவர் ஓர் இரவாவது உறங்கலாம்.

செவிலியர்கள் பணி மாறும் நேரத்தில் தொடங்குவது நல்லது. முந்தைய பணிநேரத்தில் நேர்ந்தவை, அடுத்து கவனிக்க வேண்டியவை எல்லாம் அப்போதுதான் படுக்கையருகே சொல்லப்படுகின்றன. முதல் முறை பாருங்கள். அடுத்த முறை, செவிலியர் பார்த்திருக்க நீங்களே செய்யுங்கள். அவர் மருந்து எடுக்கும் வேளையில் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஐயங்களைக் குறித்து வைத்துப் பின்னர்க் கேளுங்கள். பக்கத்துப் படுக்கையினரைப் பற்றிக் காதில் விழுவதை வெளியே கொண்டு செல்ல வேண்டா.

குடும்பத்தினரைப் பராமரிப்பில் பயிற்றுவிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பெற்றோருக்கு இவ்வாறு கற்றுத்தரப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. ஆயினும் அவர்கள் வந்து செல்வது சிறிது நேரமே. மீதிப் பொழுது உங்களுடையது.

நிழலாய் நிற்க விரும்புவோர், வீடு திரும்புவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பே வார்டு பொறுப்புச் செவிலியரிடம் தெரிவியுங்கள். சாப்பிட்டுவிட்டு, ஒரு சிறு குறிப்பேட்டுடன் வாருங்கள்.